வடக்கு ஆந்தையின் மூன்று பெயர்கள்

கற்பனைப் பழங்குடிகளைப் பற்றிய நாவல் ஒன்று கைக்கு வந்தால், அந்தக் குடியின் தெய்வம் எது, சடங்கு எது என்று பார்ப்பதற்கு முன்பு நான் வேறு சில விவரங்களைத் தேடுவேன். அங்கே தண்ணீர் எடுப்பது யார்? பிறந்த பிள்ளைக்குப் பெயர் வைப்பது யார்? கடைசியில் கதையைச் சொல்வது யார்? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால், அந்தக் காட்டுக்குள் பெண்ணுக்கு என்ன இடம் என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

பல நாவல்களில் விடை நாம் எதிர்பார்த்தபடியே இருக்கும். காட்டின் நடுவே ஒரு குடி. அவர்களுக்கு ஒரு குலக்குறி. கரடியோ கழுகோ ஆந்தையோ. அதன் உருவம் கம்பத்தில் செதுக்கப்பட்டிருக்கும், தலைவனின் மார்பில் பச்சை குத்தப்பட்டிருக்கும். வெளியிலிருந்து ஓர் ஆண் வருவான். அவனுக்குக் காட்டைச் சுற்றிக் காட்ட ஒரு பெண் இருப்பாள். பறவைகளின் பாஷை அவளுக்குத் தெரியும், மூலிகை தெரியும்; தனக்கென்று என்ன வேண்டும் என்பது மட்டும் தெரியாது. கடைசியில் அவனுக்காகவோ குலத்துக்காகவோ செத்துப்போவாள். இப்படிப்பட்ட கதைகளில் குலக்குறிகள் இரண்டு என்றுதான் சொல்ல வேண்டும். கம்பத்தில் இருப்பது ஒன்று. கம்பத்தடியில் நின்று குடியின் மானம், மண், மரபு எல்லாவற்றுக்கும் அடையாளமாகிவிட்ட பெண் இன்னொன்று. இரண்டையும் வணங்கலாம். இரண்டும் பேசாது.

இந்த வழக்கத்தை உடைத்துப் பார்த்த புத்தகங்களில் ஒன்று உர்சுலா கே. லெ க்வின் 1985இல் வெளியிட்ட 'ஆல்வேஸ் கமிங் ஹோம்'. அறிவியல் புனைகதை எழுதிய பெண்களில் அதிகம் வாசிக்கப்பட்டவர் லெ க்வின். 1929இல் பிறந்து 2018இல் மறைந்தவர். 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' பெண்ணிய வகுப்பறைகள் வரை வந்துவிட்டது. இந்தப் புத்தகத்துக்கு அந்த அளவு வாசகர்கள் கிடைக்கவில்லை. காரணம் அதன் வடிவம். அது பாதி நாவல், பாதி இனவரைவியல். வெகு காலத்துக்குப் பிறகு வட கலிஃபோர்னியாவின் ஒரு பள்ளத்தாக்கில் வாழப்போகிற கெஷ் என்ற மக்களைப் பற்றிய பதிவாக எழுதப்பட்டிருக்கிறது. கதைகளோடு பாட்டு, நாடகம், சமையல் குறிப்பு, வரைபடம், அகராதி எல்லாம் உண்டு. முதல் பதிப்போடு அந்த மக்களின் இசை என்று ஓர் ஒலிநாடாவும் சேர்த்து விற்கப்பட்டது.

இவற்றுக்கிடையே ஒரு பெண் தன் வாழ்க்கையை மூன்று தவணைகளாகச் சொல்கிறாள். அவள் சின்ஷான் என்ற ஊரில் பிறந்தவள். அவள் பிறப்பதற்கு முந்தைய மாதம் முழுக்க, வீட்டின் வடக்குப் பக்க ஜன்னலுக்கு வெளியே இருந்த ஓக் மரங்களுக்கு இரவுதோறும் ஓர் ஆந்தை வந்து பாடியது. அதனால் அவளுக்கு 'வடக்கு ஆந்தை' என்று பெயர் வைத்தார்கள். பறவைகள் செய்தி கொண்டுவருபவை என்பதால் அந்த ஊரில் குழந்தைகளுக்குப் பறவைப் பெயர் வைப்பது வழக்கம்.

இந்த இடத்தில் தமிழ் வாசகி கொஞ்சம் நின்றுதான் போவாள். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டு ஜன்னலுக்கு வெளியே மாதம் முழுக்க ஆந்தை கத்தினால் நம் ஊரில் என்ன நடக்கும்? கல்லெறிந்து துரத்துவார்கள், கிளையை வெட்டுவார்கள், பரிகாரம் தேடுவார்கள். நம் மொழியில் ஆந்தை பாடுவதில்லை, அலறுகிறது. பெண் பிள்ளையைத் திட்ட வேண்டுமென்றால் ஆந்தை முழி, ஆந்தை மூஞ்சி. இரவில் விழித்திருப்பதும், உற்றுப் பார்ப்பதும், ஆளில்லாத இடத்தில் குரல் கொடுப்பதும் பறவைக்கு ஆகாத குணங்கள் என்றால் பெண்ணுக்கும் ஆகாத குணங்கள்தான். சோ. தர்மன் 2005இல் வெளியிட்ட 'கூகை' நாவலில் இந்தப் பறவை ஒடுக்கப்பட்ட மக்களின் உருவகமாக வந்ததை நம் வாசகர்கள் அறிவார்கள். பகலில் வெளியே தலைகாட்டினால் மற்றப் பறவைகள் கூடிக் கொத்துகிற பறவை அது. கலிஃபோர்னியாவின் தொல்குடிகள் பலரிடமும் ஆந்தை சாவோடு சேர்த்துப் பேசப்படுகிற பறவைதான். லெ க்வின் அந்த அபசகுனத்தைத் தொடவே இல்லை. ஒரு பறவை வந்தது, பாடியது, அதன் பெயரைப் பிள்ளைக்கு வைத்தார்கள். அவ்வளவுதான். பறவையின் மேல் ஏற்றிய பாரத்தை இறக்கிவைத்தால்தான் அந்தப் பெயரைச் சுமக்கப்போகிற பெண்ணின் மேலும் பாரம் இறங்காமல் இருக்கும்.

இன்னொரு விஷயத்தையும் இங்கே கவனிக்க வேண்டும். ஆந்தை அவளுக்குப் பெயர்தான், குலக்குறி ஆகவில்லை. மானுடவியலில் குலக்குறி என்றால் ஒரு குலம் முழுவதும் ஒரு விலங்கையோ தாவரத்தையோ தன் மூதாதையாக அல்லது உறவாகக் கொள்வது. அது பிறப்பால் வருவது. யாரை மணக்கலாம், யாரை மணக்கக் கூடாது, எதைத் தின்னக் கூடாது என்பதையெல்லாம் அது தீர்மானிக்கும். கெஷ் மக்களுக்கும் அப்படிப்பட்ட குலப் பிரிவு உண்டு; அது தாய்வழியில் வருகிறது. வடக்கு ஆந்தை நீலக் களிமண் என்ற 'இல்ல'த்தைச் சேர்ந்தவள். காரணம், அவள் அம்மா அந்த இல்லத்தைச் சேர்ந்தவள். ஆனால் பெயர் குலத்திலிருந்து வருவதில்லை. அது வந்து போவது. குழந்தைக்கு ஒரு பெயர், வளர்ந்த பிறகு ஒன்று, முதுமையில் ஒன்று. வடக்கு ஆந்தை பிறகு 'வீடு திரும்பும் பெண்' ஆகிறாள். கடைசியில் 'சொல்லும் கல்' என்று தானே பெயர் வைத்துக்கொள்கிறாள். சொல்வதற்கு ஒரு கதை இருப்பதால் அந்தப் பெயர் தன் விருப்பப்படி வந்தது என்கிறாள்.

நம் பெண்களுக்கும் பெயர் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. அப்பா பெயரின் முதலெழுத்து போய்க் கணவன் பெயரின் முதலெழுத்து வருகிறது. இன்னார் மகள், இன்னார் பெண்டாட்டி, இன்னார் அம்மா என்று அழைப்பு மாறுகிறது. யாருக்குச் சொந்தம் என்பதை அந்த மாற்றங்கள் சொல்லும். வடக்கு ஆந்தையின் பெயர் மாற்றங்கள் அவள் எங்கே போனாள், எப்போது திரும்பினாள், இப்போது என்ன செய்கிறாள் என்பதைச் சொல்கின்றன. வகுப்பில் இந்தப் புத்தகத்தைப் பாடமாக எடுத்துக்கொள்கிற மாணவிகளிடம், இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

ஒரே பறவையைத் தலைக்கு மேல் ஏற்றி வைத்தால் என்ன ஆகும் என்பதும் இந்தப் புத்தகத்திலேயே இருக்கிறது. அவளுடைய அப்பா கெஷ் ஆள் இல்லை. வடக்கிலிருந்து படையோடு வந்த ஒரு தளபதி. அவருடைய மக்களின் பறவை காண்டார் என்ற பெருங்கழுகு. பறவையின் பெயரே அவர்களுடைய தலைவனின் பெயர், மக்களின் பெயர், நகரத்தின் பெயர். ஒரு கடவுள், ஒரு தலைவன், ஒரு பறவை. அம்மாவின் ஊரில் அரைகுறையாகப் பார்க்கப்படுவதில் சலித்துப்போன அந்த இளம்பெண், அப்பாவோடு குதிரையேறி அந்த நகரத்துக்குப் போகிறாள். அங்கே அவளுக்கு வேறு பெயர் வைக்கப்படுகிறது. உயர்ந்த குலத்தில் பிறந்தவள் என்ற பொருளில் 'அயாத்யூ'. அவள் வாழ்க்கையில் ஓர் ஆண் வைத்த ஒரே பெயர் அதுதான். பெயர் பெரியது, அதோடு கிடைத்தது நான்கு சுவரும் முக்காடும். அங்கே பெண்கள் எழுதப் படிக்கக் கூடாது. பெண்களையும் அந்நியர்களையும் விலங்குகளையும் அந்த மக்கள் ஒரே வரிசையில் வைத்துப் பேசுகிறார்கள். உயர்குல ஆண் ஒருவனுக்கு அவளை மணமுடித்துக் கொடுக்கிறார்கள். ஒரு மகள் பிறக்கிறாள்.

இதற்கிடையில் அந்த நகரம் பெரிய ஆயுதங்கள் செய்வதில் இறங்குகிறது. உலோகமும் எரிபொருளும் உணவும் அதற்கே போகின்றன. மக்கள் பட்டினி கிடக்கிறார்கள். கழுகைப் போலப் பறக்கும் இயந்திரம் செய்வதற்காக, தரையில் நடக்கிற மனிதர்களின் வாயிலிருந்து சோற்றைப் பிடுங்குகிறார்கள். பெண்ணை வீட்டுக்குள் பூட்டுவதும் ஆயுதத்துக்காக ஊரைப் பட்டினி போடுவதும் ஒரே அரசியலின் இரு வேலைகள் என்பதை லெ க்வின் பிரசங்கமாகச் சொல்லவில்லை. சமையலறையில் என்ன மிச்சம் இருக்கிறது, முற்றத்தில் யார் நடக்க அனுமதி உண்டு என்ற விவரங்களின் வழியாக அது தெரிகிறது. ஏழு ஆண்டுகள் கழித்து, தன் மகளோடும் பணிப்பெண்ணாக இருந்து தோழியான எசிர்யூவோடும் அவள் அங்கிருந்து தப்பி வீட்டுக்கு நடக்கிறாள்.

இவ்வளவு சொன்னதும், கெஷ் மக்களின் பள்ளத்தாக்கு பெண்களின் சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். அப்படி எழுதியிருந்தால் இந்தப் புத்தகத்தை நான் இரண்டாம் முறை எடுத்திருக்க மாட்டேன். தாய்வழிச் சமூகத்திலும் அவள் காயப்படுகிறாள். அப்பாவுக்கு அந்த ஊரில் இல்லம் இல்லாததால், அப்பா வழிப் பாட்டி இல்லை, அத்தை இல்லை. மற்றப் பிள்ளைகள் அவளை அரை ஆள் என்று கேலி செய்கிறார்கள். தாய்வழி என்பதாலேயே ஒரு சமூகம் கருணையுள்ளதாகிவிடாது. கணக்கில் சேராத பிள்ளைக்கு அங்கேயும் முற்றத்தின் ஓரம்தான்.

அதைவிட முக்கியமானது, கழுகுப் படை தங்கிப் போன பிறகு பள்ளத்தாக்கின் ஆண்களிடையே போர்வீரர் சங்கம் ஒன்று முளைக்கிறது. அதற்கு இணையாகப் பெண்களிடையே 'ஆட்டுக்குட்டி' சங்கம் உருவாகிறது. வேட்டையாடுபவன் வீரன், அவனுக்குப் பக்கத்தில் இருப்பவள் ஆட்டுக்குட்டி. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பெண்கள் தாங்களாகவே போய்ச் சேர்கிறார்கள். ஆணாதிக்கம் வெளியிலிருந்து படையெடுத்து வருவதாக மட்டும் எழுதியிருந்தால் அது நமக்கு வசதியான கதையாக இருந்திருக்கும். ஒப்புக்கொடுப்பதிலும் ஒரு கிறக்கம் இருக்கிறது. அதுவும் கூட்டமாகச் செய்யும்போது பக்தியாகவே தோன்றும். நம் ஊரில் பெண்களே நடத்துகிற எத்தனை பூசைகளில், எத்தனை கூட்டங்களில் இதைப் பார்த்திருக்கிறோம்!

அப்படிச் சேர்ந்தவர்களில் அவளுடைய அம்மாவும் ஒருத்தி. அம்மா விஷயத்தில்தான் எனக்கு இந்தப் புத்தகத்தோடு சண்டை. அம்மாவின் பெயர்களும் மூன்று: டௌஹீ என்ற சிறு பறவை, பிறகு வில்லோ மரம், கடைசியில் சாம்பல். தளபதியைக் காதலித்து, அவனுக்காக வருடக்கணக்கில் காத்திருந்தவள் அவள். அவன் மீண்டும் போன பிறகு தன் குழந்தைப் பருவப் பெயருக்குத் திரும்பிப் போகிறாள். பெயர் முன்னோக்கித்தான் போக வேண்டும் என்று நம்புகிற மக்களுக்கு அது இயற்கைக்கு மாறான செயல். மகளும் அதைப் பயத்தோடும் சங்கடத்தோடும்தான் சொல்கிறாள்.

அந்தச் சங்கடம் மகளுடையது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அம்மாவின் பக்கத்திலிருந்து அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது எப்படி இருந்திருக்கும் என்று இந்தப் பெரிய புத்தகத்தில் ஒரு பக்கம்கூட இல்லை. ஒரு ஆணுக்காக வீணாய்ப்போன ஆண்டுகளைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டு மறுபடி பறவையாகத் தொடங்கலாம் என்று ஒரு பெண் நினைப்பது நோயா, எதிர்ப்பா? எத்தனையோ பெண்கள் கணவனைப் பிரிந்த மறுநாளே பழைய முதலெழுத்தைத் திரும்பப் போட்டுக்கொள்கிறார்கள். அதைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். மகளுக்கு மூன்று தவணைக் கதை கொடுத்த லெ க்வின், அம்மாவுக்குச் சாம்பல் என்ற பெயரை மட்டும் கொடுத்து நிறுத்திக்கொள்கிறார். புத்தகத்தில் பேசுகிற பெண் இருக்கிறாள் என்பதற்காக, அவளுக்குப் பின்னால் பேசாமல் நிற்கிற பெண்ணை நாம் மறந்துவிடக் கூடாது.

ஆனாலும் லெ க்வின் எவ்வளவு தூரம் நடந்து இந்தப் புத்தகத்துக்கு வந்து சேர்ந்தார் என்று அறிய, அவர் முன்பு எழுதிய இன்னொரு காட்டுக் குடியைப் பார்க்க வேண்டும். 1972இல் ஒரு தொகுப்பில் வெளிவந்து, மறு ஆண்டு ஹ்யூகோ விருது பெற்ற குறுநாவல் 'தி வேர்ட் ஃபார் வேர்ல்ட் இஸ் ஃபாரஸ்ட்'. வியட்நாம் போரின் கோபத்தில் எழுதியது. ஒரு தூர கிரகம் முழுக்கக் காடு. அங்கே வாழும் சிறு உருவம் கொண்ட மக்களின் மொழியில் காட்டுக்கும் உலகத்துக்கும் ஒரே சொல். பூமியிலிருந்து மரம் வெட்ட வந்தவர்கள் அவர்களை அடிமைகளாக்குகிறார்கள். அந்தச் சமூகத்தில் ஊரை ஆள்வது பெண்கள் என்று நமக்குச் சொல்லப்படுகிறது. ஆனால் கதையில் நாம் யாருடைய தலைக்குள் இருக்கிறோம்? மூன்று ஆண்கள். அடிமைப்படுத்துபவன் ஒருவன், நல்லெண்ணம் கொண்ட ஆராய்ச்சியாளன் ஒருவன், எதிர்த்து எழுகிற செல்வர் என்ற காட்டு மனிதன் ஒருவன்.

செல்வர் ஏன் எழுகிறான்? அவன் மனைவி தெலேயை ஒரு படை அதிகாரி வன்புணர்வு செய்ததில் அவள் இறந்துபோகிறாள். நாம் கதைக்குள் நுழையும்போதே அவள் செத்திருக்கிறாள். அவள் எப்படிச் சிரிப்பாள், எதைச் சமைப்பாள், யாரோடு சண்டை போடுவாள் என்பது நமக்குத் தெரியவே தெரியாது. அவளுடைய சாவிலிருந்து ஒரு ஆண் போராளியாகிறான். தன் மக்களுக்குத் தெய்வமாகிறான். பூமியிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட பெண்களும் அதே கதிக்கு ஆளாகிறார்கள். முதல் பக்கத்திலேயே அந்த அதிகாரி அவர்களை இனவிருத்திக்கான மந்தையாகத்தான் எண்ணிப் பார்க்கிறான். பின்னால் காட்டு மக்களும் தங்கள் தாக்குதலில் அந்தப் பெண்களையே குறிவைக்கிறார்கள். அவர்கள் பெற்றால் எதிரிகள் பெருகுவார்கள் என்பது காரணம். இரு தரப்புக்கும் பெண் என்றால் கருப்பைதான். இந்தக் கொடூரத்தை லெ க்வின் தெரிந்தே எழுதினார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கொடூரத்தைக் காட்டுவதற்கும் அதற்கு ஆளானவளின் குரலைக் கேட்பதற்கும் இடையே தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைக் கடக்க அவருக்குப் பதின்மூன்று ஆண்டுகள் பிடித்தன.

அந்த ஆண்டுகளில் என்ன மாறியது? பெண்கள் ஆளும் குடி 1972லேயே அவர் கற்பனையில் இருந்தது. மாறியது கதையின் வடிவம். 1986இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை இதற்குத் திறவுகோல். மனிதர்கள் செய்த முதல் கருவி ஈட்டியோ கத்தியோ அல்ல, பொறுக்கியதைச் சேர்த்துவைக்கிற பையோ கூடையோ ஆக இருக்கலாம் என்ற மானுடவியல் வாதத்தை எடுத்துக்கொண்டு, நாவலும் ஒரு பைதான் என்கிறார். வேட்டைக்காரனின் கதை ஈட்டியைப் போல நேராகப் போய்க் குத்தி முடியும். தானியம் பொறுக்கியவளின் கதை அப்படி முடியாது. அதில் பலதும் கிடக்கும். பிள்ளையும் கிடக்கும், விதையும் கிடக்கும், பாட்டும் கிடக்கும்.

செல்வரின் கதை ஈட்டி. அதில் தெலேக்கு ஈட்டி முனையாக மட்டுமே இடம் இருந்தது. வடக்கு ஆந்தையின் கதை பையில் போட்ட பொருள்களில் ஒன்று. அவள் பேசுவாள், நிறுத்துவாள். இடையில் யாரோ ஒருவர் பாடுவார், இன்னொருவர் பீன்ஸ் சமைப்பது எப்படி என்பார். பிறகு அவள் விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். கதாநாயகிக்காக மற்றவர்களை வாய்மூட வைக்காத வடிவம் இது. வாசிக்கச் சலிப்பாக இருக்கிறது என்று சொல்கிற மாணவிகளை நான் அறிவேன். சலிப்பு உண்மைதான். நம் பாட்டிமார் கதை சொன்னதும் இப்படித்தான். நடுவில் எழுந்துபோய் உலையைப் பார்த்துவிட்டு வருவார்கள்.

இனி அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி. அது கற்பனை நிலம் அல்ல. கலிஃபோர்னியாவின் நாப்பா பள்ளத்தாக்கு. லெ க்வினின் குடும்பத்துக்கு அங்கே ஒரு பண்ணை வீடு இருந்தது; சிறு வயதுக் கோடைகளை அவர் அங்கேதான் கழித்தார். அப்பா ஆல்ஃபிரெட் க்ரோபர், கலிஃபோர்னியத் தொல்குடிகளைப் பற்றி 1925இல் பெரிய கையேடு வெளியிட்ட மானுடவியலாளர். அம்மா தியோடோரா க்ரோபர், 1961இல் இஷியின் வாழ்க்கையை எழுதியவர். யாஹி என்ற குடியில் கடைசியாக மிஞ்சிய மனிதர் இஷி. 1911இல் ஓரோவில் ஊருக்கு அருகே அகப்பட்டு, சான் ஃபிரான்சிஸ்கோவின் அருங்காட்சியகத்தில் வாழ்ந்து, 1916இல் காசநோயால் இறந்தார். உடற்கூறாய்வில் எடுத்த அவருடைய மூளையை ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். அது திரும்பியது 2000இல்தான். இஷி என்பதும் அவர் பெயர் இல்லை. யானா மொழியில் அது 'ஆண்' என்ற பொதுச்சொல். தன் பெயரை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

இஷியின் கதையைத் தெரிந்தவர்கள் பலர். அவரோடு இருந்த பெண்களைப் பற்றி யார் பேசுகிறார்கள்? 1908இல் நில அளவைக் குழு ஒன்று அவர்கள் ஒளிந்திருந்த இடத்தைத் தற்செயலாகக் கண்டது. அங்கே நகர முடியாத முதியவள் ஒருத்தி போர்வைக்குள் கிடந்தாள். அவர் அம்மா. வந்தவர்கள் அங்கிருந்த கருவிகள், கூடைகள், தோல்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அம்மா விரைவிலேயே இறந்தாள். கூட இருந்த இளைய பெண், தங்கையோ நெருங்கிய உறவோ, காட்டுக்குள் ஓடினாள். அதன் பிறகு இஷி அவளைப் பார்க்கவே இல்லை. அருங்காட்சியகத்துக்கு ஓர் ஆண் வந்து சேர்ந்தார். உலகம் அவரைத் தன் மக்களின் கடைசி ஆள் என்று அழைத்தது. ஓடிய பெண்ணுக்கு ஒரு பொதுச்சொல்கூடக் கிடைக்கவில்லை.

இந்தக் கதை பேசப்பட்ட வீட்டில் வளர்ந்த மகள், வீட்டுக்குத் திரும்பி வந்து, தன் பெயரைத் தானே வைத்துக்கொண்டு, தன் கதையைத் தானே சொல்கிற பெண்ணைக் கற்பனை செய்கிறார். இரண்டையும் சேர்த்து வாசிக்காமல் என்னால் இருக்க முடியவில்லை. உண்மையான ஒரு குடியின் சடங்குகளை எடுத்துத் தன் கதைக்கு உடுத்திவிடக் கூடாது என்ற எச்சரிக்கையும் இதில் இருப்பதாகவே வாசிக்கிறேன். அதனால்தான் கெஷ் மக்களை அவர் கடந்த காலத்தில் வைக்காமல் எதிர்காலத்தில் வைத்திருக்க வேண்டும்.

ஆனால் எதிர்காலத்தில் வைத்தாலும் நிலம் அதே நிலம்தானே? அந்தப் பள்ளத்தாக்கின் சொந்தக்காரர்கள் வாப்போ மக்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் நடுவணரசின் அங்கீகாரத்துக்காக நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். 1985இல் லெ க்வினின் புத்தகம் வெளிவந்தபோது, அடுத்த மாவட்டமான சொனோமாவில் லாரா ஃபிஷ் சோமர்சல் என்ற முதியவர் உயிரோடு இருந்தார். வாப்போ மொழியைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் அவர். 1990இல் மறைந்தார். மொழியியலாளர்கள் அவரிடமிருந்தே சொற்களைத் தொகுத்தார்கள். பேர்போன கூடைக் கலைஞரும் அவரே. அந்தப் பகுதியில் வார்ம் ஸ்ப்ரிங்ஸ் அணை கட்டியபோது, கூடை முடையத் தேவையான கோரை வளர்ந்த ஆற்றங்கரைகள் மூழ்கவிருந்தன. கூடை முடைகிற பெண்கள் சொன்னதால்தான் அந்தக் கோரையை வேரோடு எடுத்து வேறிடத்தில் நட ஏற்பாடு நடந்தது.

ஒரு பக்கம், இல்லாத மக்களுக்கு ஒரு மொழியும் அகராதியும் உருவாக்கி அச்சிட்ட புத்தகம். இன்னொரு பக்கம், இருக்கிற மொழியைத் தன் நாவில் மட்டும் வைத்திருந்த ஒரு பெண். ஒரு பக்கம், நாவல் ஒரு கூடை என்று சொன்ன கட்டுரை. இன்னொரு பக்கம், கூடைக்கான கோரை எந்தக் கரையில் வளரும் என்று தெரிந்த கை. இதைச் சொல்வதால் லெ க்வினை நிராகரித்துவிட வேண்டும் என்று பொருளில்லை. அவர் கற்பனையால் எனக்குக் கிடைத்தது பெரிது. பெண்ணைக் குலக்குறி ஆக்காமல் ஒரு குடியைக் கற்பனை செய்ய முடியும் என்று அவர் காட்டினார். ஆனால் கற்பனைக் குடியின் பெண் பேசத் தொடங்கிவிட்டாள் என்ற மகிழ்ச்சியில், அதே மண்ணில் பேசிக்கொண்டிருந்த பெண்ணை யாரும் கேட்கவில்லை என்றால் நம் பெண்ணியம் அரைகுறைதான்.

பழங்குடிப் பெண்களைப் பற்றி எழுதவோ ஆராயவோ இறங்குகிற மாணவிகளுக்கு இந்தப் புத்தகம் இரண்டு வேலைகளைத் தருகிறது. முதலாவது, நீங்கள் படிக்கிற பிரதியில் பெண்ணின் பெயர் எத்தனை முறை மாறுகிறது, ஒவ்வொரு முறையும் மாற்றியது யார் என்று ஒரு பட்டியல் போடுங்கள். இரண்டாவது, அந்தக் கதை நடக்கிற மண்ணில் இன்று வாழ்கிற பெண்கள் யார், அவர்களுக்கு அந்தப் பிரதியில் இடம் உண்டா என்று தேடுங்கள். முதல் வேலையை நூலகத்தில் உட்கார்ந்தே முடித்துவிடலாம். இரண்டாவதற்கு நூலகம் போதாது. அந்த மண்ணுக்குப் போக வேண்டும். போனபின் அங்கே இருக்கிற பெண்கள் பேசும்போது குறுக்கிடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.